எக்ஸ்டெண்டர் ரவுட்டரை விட்டு விலகிக்கொண்டே இருக்கிறதா? குமரி மாவட்ட வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

குமரி மாவட்டத்தில் ஒரே காலத்தில் ஒரே மூச்சில் கட்டி முடித்த வீடு குறைவு. முன்பக்கம் தாத்தா காலத்து வெட்டுக்கல் சுவர், பின்பக்கம் வளைகுடாப் பணத்தில் எழுந்த கான்கிரீட், மொட்டைமாடிக்கு மேல் மழைக்காகப் போட்ட தகரக் கூரை, அதே விளையின் (தோட்டத்தின்) மறுகோடியில் தம்பி கட்டிய வீடு. ஃபைபர் கம்பி முன்னறையோடு நின்றுவிடுகிறது. பிள்ளைகள் படிப்பதோ மாடியில். அம்மா வெளிநாட்டு மகனுடன் பேசுவதோ அடுக்களையில். இந்த இடைவெளியை நிரப்ப வாங்கிய எக்ஸ்டெண்டர் சில நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, பிறகு நேரங்கெட்ட நேரத்தில் ரவுட்டரை விட்டு விலகத் தொடங்குகிறது.

வீடுகளுக்கு இணைய ஒயரிங் செய்வது என் தொழில். மார்த்தாண்டம் முதல் கன்னியாகுமரி வரை மக்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், வேலையில் சரியாக வந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எக்ஸ்டெண்டர் உண்மையில் என்ன செய்கிறது?

ரவுட்டர் அனுப்புவதைக் காற்றில் கேட்டு, அதையே மறுபடி உரக்கச் சொல்கிறது. அவ்வளவுதான். புதிதாக இணையத்தை உண்டாக்குவதில்லை. ஆகவே உங்கள் கைப்பேசிக்கும் இணையத்துக்கும் நடுவே இரண்டு கண்ணிகள் இருக்கின்றன: கைப்பேசியிலிருந்து எக்ஸ்டெண்டர் வரை ஒன்று, எக்ஸ்டெண்டரிலிருந்து ரவுட்டர் வரை இன்னொன்று. கைப்பேசியின் மேல்மூலையில் தெரியும் கோடுகள் முதல் கண்ணியை மட்டும்தான் காட்டும். "கோடு முழுசாக இருக்கிறது, ஆனால் நெட் ஓடவில்லை" என்று யாராவது சொன்னால், அறுந்திருப்பது பெரும்பாலும் இரண்டாவது கண்ணி.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே அலைவரிசையில் கேட்கவும் சொல்லவும் செய்யும் எக்ஸ்டெண்டர், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. அதனால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அது பழுது இல்லை.

துண்டிப்பு எங்கே நடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ரவுட்டரின் பக்கத்தில் போய் நில்லுங்கள். ஃபைபர் பெட்டியில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக மின்னினால், வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று பொருள். தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்திருக்கலாம், அணில் கடித்திருக்கலாம். எக்ஸ்டெண்டரைத் தொடவே வேண்டாம். இணைப்புத் தருபவரைக் கூப்பிடுங்கள்.

விளக்குகள் சரியாக இருந்தால் கைப்பேசியில் 'பிங்' செய்யும், அதாவது ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுப் பார்க்கும், செயலி ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். இலவசமாகவே கிடைக்கும். எக்ஸ்டெண்டர் வழியாக இணைந்துகொண்டு மூன்று முகவரிகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். முதலில் எக்ஸ்டெண்டரின் முகவரி. அடுத்து ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. கடைசியாக வெளியுலகம்; அதற்குக் கூகுளின் 8.8.8.8 போதும். எக்ஸ்டெண்டர் பதில் சொல்கிறது, ரவுட்டர் சொல்லவில்லை என்றால் நடுக்கண்ணிதான் நோயாளி. ரவுட்டர் சொல்கிறது, 8.8.8.8 மட்டும் சொல்லவில்லை என்றால் கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில்.

துண்டிப்பு நடக்கும் அந்தச் சமயத்திலேயே இதைச் செய்ய வேண்டும். சரியான பிறகு செய்தால் எல்லாம் பதில் சொல்லும், ஒன்றும் தெரியவராது.

எக்ஸ்டெண்டரை எந்த இடத்தில் மாட்டுவது?

இந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தாலே பாதி வீடுகளில் மற்ற கேள்விகளுக்குத் தேவை இருக்காது.

எந்த அறையில் நெட் வரவில்லையோ அந்த அறையிலேயே எக்ஸ்டெண்டரை மாட்டுவது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றுகிறது. சிக்னல் எட்டாத அறையில் எக்ஸ்டெண்டருக்கும் சிக்னல் எட்டாது. அது கேட்க முடியாததை எப்படித் திருப்பிச் சொல்லும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், ரவுட்டரின் சிக்னல் இன்னும் தெம்பாக இருக்கும் இடத்தில் மாட்ட வேண்டும். அங்கிருந்து அது இருட்டு அறைக்குள் எட்டிப் பார்க்கட்டும்.

'நடுவில்' என்பதைக் கண்ணால் அளக்காமல் எண்ணால் அளப்பது நல்லது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால், ரவுட்டரின் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். பூஜ்ஜியத்தை எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 60 முதல் 67 வரை எக்ஸ்டெண்டருக்கு ஏற்ற இடம். மைனஸ் 70 தாண்டினால் ஆட்டம் காணும். மைனஸ் 80 என்றால் விளக்கு எரியலாம், வேலை நடக்காது. பல எக்ஸ்டெண்டர்கள் தங்கள் அமைப்புப் பக்கத்திலேயே இந்த அளவைக் காட்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் செயலிக்குப் பதில் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

தக்கலை அருகே ஒரு வீடு. பின்னறையில் ஸ்டீல் பீரோவுக்குப் பின்னால் இருந்த சாக்கெட்டில் எக்ஸ்டெண்டர் மாட்டியிருந்தார்கள். அளந்தால் மைனஸ் 78. இரவு எட்டு மணி ஆனால் கட்டாயம் விலகும். பீரோவை நகர்த்தச் சொன்னால் வீட்டம்மா சம்மதிக்கவில்லை. அவர் சொன்னதும் நியாயம். மாடிப்படியின் திருப்பத்தில், பழைய காலிங்பெல்லுக்காகப் போட்ட சாக்கெட் ஒன்று சும்மா கிடந்தது. அதில் மாட்டியதும் மைனஸ் 61 காட்டியது. அதே பெட்டி, அதே ரவுட்டர். மாடிப்படித் திருப்பத்தை நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். கீழ்த்தளமும் மேல்தளமும் கான்கிரீட் தட்டு குறுக்கிடாமல் ஒன்றையொன்று பார்க்கும் இடம் வீட்டில் அது ஒன்றுதான்.

உயரமும் கணக்கில் உண்டு. தரையோரச் சாக்கெட்டில் கட்டில், மேசை, பீரோ எல்லாம் குறுக்கே நிற்கும். நெஞ்சு உயரத்துக்கு மேல் இருந்தால் நல்லது. ரவுட்டரையும் டிவி அலமாரிக்குள் செட்டாப் பாக்ஸோடு அடைத்து வைக்காதீர்கள்.

வெட்டுக்கல் சுவர் சிக்னலைத் தடுக்குமா? ஓட்டுக் கூரை?

வெட்டுக்கல் சுவரின் தடிமன்தான் பிரச்சினை. கல்லில் நுண்துளைகள் நிறைய. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஈரச் சுவர் இன்னும் கூடுதலாக விழுங்கும். சுவரை நேராக ஊடுருவும் அலைக்கும் சாய்வாக ஊடுருவும் அலைக்கும் வித்தியாசம் பெரிது: மிகவும் சாய்வாகப் போனால் அதே சுவர் இரண்டு மடங்கு தடிமனாகிவிடலாம். ஆகவே எக்ஸ்டெண்டரை வாசல் கதவுகளின் வரிசையில் வரும்படி வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் இருக்கும். அந்தக் கோடு சிக்னலுக்கும் வழி.

ஓடும் மரமச்சும் பெரிய தடையில்லை. கான்கிரீட் தட்டு தடை, அதிலிருக்கும் கம்பிகள் காரணமாக. எல்லாவற்றிலும் மோசம் உலோகம். மொட்டைமாடியின் தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் அறைக்கு வெளியிலிருந்து சிக்னல் கொண்டுபோவது பெரும்பாடு. எக்ஸ்டெண்டரைக் கூரைக்கு அடியிலேயே, படிக்கட்டு வாசலை ஒட்டி வையுங்கள். தண்ணீர்த் தொட்டி, குளிர்சாதனப் பெட்டி, முழுநீளக் கண்ணாடி ஆகியவற்றின் பின்னாலும் வைக்க வேண்டாம்.

2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்: எதில் இணைப்பது?

வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகள் இவை. 2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஒரு கனத்த சுவருக்கு மேல் இருந்தால் 2.4-இல் இணையுங்கள். விலகாமல் நிற்பதுதான் முக்கியம், வேகம் பிறகு. திறந்த கூடமும் படிக்கட்டும் மட்டும்தான் நடுவில் என்றால் 5 போதும்.

இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, சாதனத்தைத் தானாகவே இங்கும் அங்கும் மாற்றும் வசதி இப்போதைய ரவுட்டர்களில் இருக்கிறது. 'ஸ்மார்ட் கனெக்ட்' போன்ற பெயர்களில் வரும். கைப்பேசிக்கு அது நல்லது. எக்ஸ்டெண்டரை அது 2.4-லிருந்து 5-க்குத் தள்ளும், அங்கே நிற்க முடியாமல் எக்ஸ்டெண்டர் விழும், திரும்பத் தேடிக்கொண்டு வரும், மறுபடி தள்ளும். காரணமே தெரியாமல் துண்டிப்பு நடக்கும் வீடுகளில் நான் முதலில் நிறுத்திப் பார்ப்பது இதைத்தான். இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிட்டு, எக்ஸ்டெண்டரை ஒன்றில் மட்டும் கட்டிப் போடுங்கள்.

பகலில் நன்றாக இருக்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் விலகுகிறது. ஏன்?

நாகர்கோவில் வடசேரி, கோட்டாறு போல வீடுகள் நெருங்கி நிற்கும் தெருக்களில் இதை அதிகம் கேட்கிறேன். இரவில் எல்லா வீடுகளிலும் ரவுட்டர் மும்முரமாக வேலை செய்யும். 2.4-இல் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள், அதாவது அலைவரிசைக்குள் பிரித்த பாதைகள், உண்டு. ஆனால் ஒன்றோடொன்று மோதாமல் அருகருகே ஓடக்கூடியவையாக எல்லோரும் கையாள்வது 1, 6, 11 என்ற மூன்றைத்தான். நடுவில் 3 அல்லது 8 என்று வைத்தால் இரண்டு பக்கத்தாரிடமும் இடி வாங்கலாம்.

ரவுட்டர் 'ஆட்டோ' சேனலில் இருந்தால், நெரிசல் கூடியதும் அது வேறு சேனலுக்குத் தாவும். எக்ஸ்டெண்டர் பழைய சேனலில் காத்திருந்துவிட்டு, பிறகு எல்லாச் சேனலையும் தேடத் தொடங்கும். அந்தத் தேடல் நேரம்தான் உங்களுக்குத் துண்டிப்பாகத் தெரிகிறது. அனலைசர் செயலியில் எந்தச் சேனலில் கூட்டம் குறைவு என்று பார்த்து, ரவுட்டரில் 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள். சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். 40 வைத்தால் 2.4-இன் பாதி இடத்தை நீங்கள் ஒருவரே அடைத்துக்கொள்வீர்கள், அண்டை வீட்டாரோடு மோதல் கூடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த எக்ஸ்டெண்டர் என்றால் இன்னொரு சிக்கல் இருக்கலாம். அந்த நாட்டுக்கான பெட்டிகள் 11-ஆம் சேனலோடு நின்றுவிடும். ரவுட்டர் 12-க்கோ 13-க்கோ போனால் அதன் கண்ணுக்கே தெரியாது.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ராடார்களோடு பங்கிட்டுக்கொள்பவை. ராடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. மலிவான எக்ஸ்டெண்டர்கள் பல இந்தச் சேனல்களில் வேலையே செய்யாது. 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

மின்சாரம் போய் வந்தால் எக்ஸ்டெண்டர் திரும்ப இணைவதில்லை. என்ன செய்வது?

எக்ஸ்டெண்டர் சீக்கிரம் விழித்துக்கொள்ளும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழுந்து வரச் சில நிமிடம் ஆகும். எக்ஸ்டெண்டர் தேடிப் பார்த்துவிட்டு, சில மாடல்களில் தேடுவதையே நிறுத்திவிடும். ரவுட்டரின் விளக்குகள் எல்லாம் நிலைத்த பிறகு எக்ஸ்டெண்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்குங்கள். ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்க வேண்டும். பெரும்பாலானவை 12 வோல்ட். ஒன்றை மறந்துவிடக் கூடாது. ரவுட்டருக்கு மட்டும் மின்கலம் இருந்து, எக்ஸ்டெண்டர் இன்வெர்ட்டர் இல்லாத சாக்கெட்டில் இருந்தால், ஒவ்வொரு மின்வெட்டிலும் அது இறந்து பிறக்கும். இன்வெர்ட்டர் வரும் சாக்கெட் எது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு அதில் மாட்டுங்கள்.

இன்வெர்ட்டர் இருந்தும் ஒவ்வொரு முறையும் ரவுட்டர் அணைந்து எழுகிறதா? இன்வெர்ட்டரின் பின்புறம் 'யூபிஎஸ் மோடு' என்றொரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண மோடில் மின்சாரம் கைமாறும் இடைவெளி சற்று நீளம். மின்விசிறிக்குத் தெரியாது, ரவுட்டருக்குத் தெரியும்.

எக்ஸ்டெண்டரைத் தொட்டாலே விளக்கு அணைந்து எரிகிறது. பெட்டி போய்விட்டதா?

பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் சாக்கெட்டைப் பாருங்கள். உருண்டையான இரண்டு முள் உள்ள பிளக் நம் சாக்கெட்டுகளில் பிடிப்பில்லாமல் தொங்கும். துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ வந்த பெட்டி என்றால் மூன்று தட்டை முள் இருக்கும். அதற்கு ஒரு மாற்று பிளக் போட்டு, அதைச் சாக்கெட்டில் செருகி, எல்லா எடையும் அதில் தொங்கும். அறைக்கதவைச் சாத்தும் அதிர்வுக்கே தொடர்பு விட்டுப் போகும். எக்ஸ்டெண்டர் அணைந்து எழுந்ததை நாம் 'ரவுட்டரை விட்டு விலகியது' என்று நினைத்துக்கொள்கிறோம். புதிய சாக்கெட் போட ஆகும் செலவு, புதிய எக்ஸ்டெண்டர் விலையில் சிறு பகுதிதான்.

சூடும் ஒரு காரணம். கை வைக்க முடியாத அளவு கொதித்தால் அதற்குக் காற்று வேண்டும். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலும் திரைச்சீலைக்கு உள்ளேயும் மாட்டாதீர்கள்.

கடற்கரை ஊரில் இருக்கிறோம். ஒரே வருடத்தில் இணைப்பு கெட்டுப்போகிறது. உப்புக் காற்று காரணமா?

காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து வீடுகளில் ரவுட்டரில் செருகியிருக்கும் கேபிளின் முனையைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்ப்பேன். கண்ணாடி போன்ற அந்தச் சின்ன முனைக்குள் எட்டு மெல்லிய தகடுகள் வரிசையாகப் பொன்னிறத்தில் பளபளக்க வேண்டும். அங்கே இரண்டு மூன்று தகடுகளின் விளிம்பில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சில நேரம் ரவுட்டரின் துளைக்குள்ளும். பவர் அடாப்டரின் முனையிலும் அப்படியே. தொடர்பு இருந்தும் இல்லாமலும் ஊசலாடும்.

முனையை வெட்டிப் புதிதாக அடித்தால் கேபிள் சரியாகிவிடும். அடாப்டர் என்றால் மாற்றத்தான் வேண்டும். கடலைப் பார்த்த சன்னல் ஓரத்தில் ரவுட்டரையும் எக்ஸ்டெண்டரையும் வைக்காதீர்கள். பயன்படுத்தாத துளைகளை ரப்பர் மூடியால் அடைத்து வையுங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய் தடவும் வைத்தியம் வேண்டாம்.

மழை பெய்தால் வைஃபை குறையுமா?

மழைத்துளி வீட்டுத் தூரத்தில் வைஃபையை ஒன்றும் செய்வதில்லை. நனைந்த இலை செய்யும். முன்வீட்டு ரவுட்டருக்கும் பின்வீட்டு எக்ஸ்டெண்டருக்கும் நடுவே தென்னையும் பலாவும் ரப்பரும் நின்றால், வேனிலில் ஓடிய இணைப்பு மழைக்காலத்தில் விலகும். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே மழை தருவதால், வருடத்தில் பல மாதம் இலை ஈரமாகவே இருக்கிறது. கோடையில் சோதித்துப் பார்த்து 'கிடைக்கிறது' என்று முடிவு செய்வது சரியாக வராது. கோடையில் அளக்கும்போது மைனஸ் 60 அளவுக்காவது சிக்னல் இருக்கட்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் வைஃபையைக் கெடுக்குமா?

இல்லை. அங்கே கெடுப்பது காற்று. கணவாய்க் காற்றில் கம்பத்திலிருந்து வரும் ஃபைபரும் மின்கம்பியும் ஆடி, முனையில் தளர்ந்துபோகும்.

இணைப்புத் தருபவர் ரவுட்டரை மாற்றிவிட்டார். அன்றிலிருந்து எக்ஸ்டெண்டர் வேலை செய்யவில்லை.

எக்ஸ்டெண்டர் பழைய பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் நினைவில் வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறது. புதிய ரவுட்டருக்கு அதே பெயரையும் அதே பாஸ்வேர்டையும், எழுத்துக்கு எழுத்து மாறாமல் கொடுத்தால் பெரும்பாலும் தானே ஒட்டிக்கொள்ளும். ஆட்கள் மாற்றிவிட்டுப் போகும்போதே இதைக் கேட்டுச் செய்துகொள்வது நல்லது.

அப்படியும் வரவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். புதிய ரவுட்டர் டபிள்யூபிஏ3-இல் இருந்தால் பழைய எக்ஸ்டெண்டருக்கு அந்த மொழி தெரியாது. 2-ம் 3-ம் கலந்த முறையிலும் சில பெட்டிகள் இணைந்து இணைந்து விலகும். டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைத்துப் பாருங்கள். பாஸ்வேர்டு தட்டாமல் டபிள்யூபிஎஸ் பொத்தான் வழியாக இணைப்பவர்கள் கவனிக்க: ஒரு பொத்தானை அழுத்திய இரண்டு நிமிடத்துக்குள் மற்றதையும் அழுத்த வேண்டும், டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்த ரவுட்டரில் அந்தப் பொத்தான் வழி கிடையாது.

எக்ஸ்டெண்டர் இணைந்திருக்கிறது. ஆனால் கைப்பேசிக்கு ஐபி முகவரி கிடைப்பதில்லை.

வீட்டில் முகவரி கொடுக்கும் ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும்; அது ரவுட்டர். எக்ஸ்டெண்டரிலும் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி சேவை இயங்கினால் இருவரும் கொடுப்பார்கள், குழப்பம் வரும். எக்ஸ்டெண்டரில் அதை அணைத்துவிடுங்கள், அல்லது 'ஆட்டோ'வில் விடுங்கள். ரவுட்டரும் எக்ஸ்டெண்டரும் ஒரே முகவரியை வைத்துக்கொண்டாலும் இப்படி ஆகும். ரவுட்டரின் அமைப்பில் எக்ஸ்டெண்டருக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்தால் இந்தத் தகராறு திரும்ப வராது.

ரவுட்டரில் மேக் முகவரி வடிகட்டி (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள அடையாள எண்ணைப் பார்த்து அனுமதிக்கும் வசதி) போட்டிருந்தால், எக்ஸ்டெண்டருக்குப் பின்னால் இருக்கும் சாதனங்கள் அதில் சிக்கலாம். எக்ஸ்டெண்டர்கள் பல, தங்களுக்குப் பின்னால் இருக்கும் சாதனங்களின் மேக் முகவரியை மாற்றிக் காட்டும் பழக்கம் உள்ளவை. வடிகட்டியை எடுத்துவிட்டு நல்ல பாஸ்வேர்டு வையுங்கள்.

எக்ஸ்டெண்டர் பக்கத்திலேயே நின்றாலும் கைப்பேசி ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது.

எப்போது மாற வேண்டும் என்று தீர்மானிப்பது கைப்பேசி. பழைய இணைப்பு முற்றிலும் சாகும்வரை விடாத கைப்பேசிகள் உண்டு. எக்ஸ்டெண்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டால் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில், அவர்கள் உட்காரும் இடத்துக்கு ஏற்ற பெயரில் மட்டும் கைப்பேசியை இணைத்து, மற்றதை மறக்கச் செய்துவிடுவேன்.

ஒரு எக்ஸ்டெண்டர் போதவில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று மாட்டலாமா?

வேண்டாம். ஒவ்வொரு தாவலிலும் வேகம் குறையும். முதலாவது விலகினால் இரண்டாவதும் சேர்ந்து விழும். ரவுட்டரை நடுவில் வைத்து, இரு பக்கமும் ஒவ்வொன்று என்றால் சரி.

ஒயர் இழுத்துவிட்டால் இந்தத் தொல்லை எல்லாம் தீருமா?

தீரும். முடிந்தால் அதைத்தான் செய்யச் சொல்வேன், எக்ஸ்டெண்டர் விற்கும் கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும். ரவுட்டரிலிருந்து பின்கட்டுவரை ஒரு கேட்-6 கேபிள், அங்கே அக்சஸ் பாயிண்ட் முறையில், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் முறையில், ஒரு பெட்டி. காற்றில் அறுந்துகொண்டிருந்த இரண்டாவது கண்ணி கம்பியாகிவிடும். எக்ஸ்டெண்டர்கள் பலவற்றிலும் கேபிள் துளையும் அக்சஸ் பாயிண்ட் முறையும் இருக்கின்றன. புதிதாக வாங்க வேண்டியதில்லை. கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது மலிவு, ஆனால் நிலைக்காது. 100 மீட்டருக்குள் இருக்கட்டும்.

வீட்டில் பழைய ரவுட்டர் கிடந்தால் அதையும் பயன்படுத்தலாம். அதன் முகவரியை 192.168.1.2 போல, புதிய ரவுட்டரோடு மோதாதபடி மாற்றுங்கள். டிஎச்சிபியை அணையுங்கள். இணையம் உள்ளே வரும் 'வான்' (WAN) துளையை விட்டுவிட்டு, வீட்டுச் சாதனங்களுக்கான 'லான்' (LAN) துளையிலிருந்து 'லான்' துளைக்குக் கேபிள் போடுங்கள். முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: எக்ஸ்டெண்டர் வைஃபையிலும் இணைந்து, கேபிளிலும் இணைந்திருந்தால் தகவல் சுற்றிச் சுற்றி ஓடி வீடு முழுவதும் நெட் படுத்துவிடும். கேபிள் போட்டதும் பெட்டியை அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்ற மறக்காதீர்கள்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களே, பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு காலிக் குழாய் போட்டு வையுங்கள். மின்கம்பி போகும் குழாயிலேயே இதையும் திணிக்க வேண்டாம்.

விளையின் மறுகோடியில் இருக்கும் தம்பி வீட்டுக்கும் இப்படிக் கேபிள் கொண்டுபோகலாமா?

செம்புக் கேபிள் வேண்டாம். ஐப்பசி இடிமழையும் கோடை மாலை இடியும் நம் மாவட்டத்தில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கட்டடங்களை இணைக்கும் செம்புக் கம்பி, பக்கத்தில் எங்காவது இடி விழுந்தாலே இரு வீட்டு ரவுட்டர்களையும் டிவியையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். ஃபைபர் போட்டு, இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. தாங்குவதற்காகக் கூடவே வரும் எஃகுக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

இடி முழங்கும்போது எக்ஸ்டெண்டரையும் ரவுட்டரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மெஷ் வாங்கலாமா? மின்கம்பி வழியாக நெட் அனுப்பும் பெட்டி?

மெஷ் நல்லது, பெட்டிகள் தங்களுக்குள் பேசி வழியைத் தேர்ந்துகொள்ளும். ஆனால் இடம் தவறினால் அதுவும் விலகும். மின்கம்பி வழிப் பெட்டிகளை மும்முனை மின்சாரம் உள்ள வீடுகளில் வாங்கும் முன் யோசியுங்கள்: ஒரு ஃபேசிலிருந்து இன்னொரு ஃபேசுக்கு அது ஒழுங்காகத் தாண்டாது.

வெளிநாட்டில் இருக்கும் மகனுடன் பேசும்போது மட்டும் அறுந்துபோகிறது. எக்ஸ்டெண்டர்தான் காரணமா?

கட்டாயமாகச் சொல்ல முடியாது. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் சில அழைப்புச் செயலிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த நேரத்தில் யூடியூப் தடையின்றி ஓடினால், அங்கே அனுமதியுள்ள வேறு செயலியில் பேசிப் பாருங்கள். அதுவும் அறுந்தால், ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பேசுங்கள். அங்கே நன்றாக இருந்து அடுக்களையில் மட்டும் அறுந்தால், அப்போது எக்ஸ்டெண்டர். அழைப்புக்குப் பெரிய வேகம் தேவையில்லை, தடங்கல் இல்லாமல் வர வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4-க்கு அருகில்தான் இயங்குகிறது. அது ஓடும்போது மட்டும் அறுகிறதா என்றும் கவனியுங்கள்.

எக்ஸ்டெண்டர் கம்பெனியின் உதவி எண்ணை இணையத்தில் தேடி அழைக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். எக்ஸ்டெண்டரின் அமைப்புப் பக்கம் திறக்காமல் தேடுபவர்களைக் குறிவைத்தே போலி உதவித் தளங்கள் இருக்கின்றன. உங்கள் கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியைப் போடச் சொல்வார்கள், பிறகு பணம் கேட்பார்கள். வீட்டு வைஃபையைச் சரிசெய்ய ஓடிபியோ வங்கி விவரமோ யாருக்கும் தேவைப்படாது. பெட்டியின் அடியிலும் கூட வந்த தாளிலும் அச்சிட்டிருக்கும் முகவரியையும் எண்ணையும் மட்டும் பயன்படுத்துங்கள். அந்தப் பக்கம் திறக்கவில்லை என்றால், கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, எக்ஸ்டெண்டரின் வைஃபையில் இணைந்து மறுபடி முயலுங்கள், பெரும்பாலும் திறக்கும். ஏமாந்து பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

எல்லாம் செய்தும் விலகுகிறது. பெட்டியை மாற்றுவதா?

மாற்றும் முன் ஒரு சோதனை. எக்ஸ்டெண்டரின் மென்பொருளைப் புதுப்பித்து, ஊசித்துளையை அழுத்தி ஆரம்ப நிலைக்குக் கொண்டுவந்து, ரவுட்டர் இருக்கும் அதே அறையில் மாட்டி ஒரு நாள் முழுவதும் விடுங்கள். அங்கும் விலகினால் ரவுட்டரோ எக்ஸ்டெண்டரோ பழுது. அக்கம்பக்கத்தில் யாரிடமாவது வேறு எக்ஸ்டெண்டரை இரவல் வாங்கி அதே சாக்கெட்டில் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். உங்கள் எக்ஸ்டெண்டர் அந்த அறையில் ஒரு நாள் முழுவதும் விலகாமல் நின்றால் பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. கைப்பேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்திலிருந்து மறுபடி அளக்கத் தொடங்குங்கள்.